ஆள் சேர்க்கும் மாதங்கள்

ஏப்ரல் 24, வியாழன்

இன்று மதியம் கணிதத் துறையையும் இயற்பியல் துறையையும் சேர்த்து உட்கார வைத்துக் கூட்டம் போட்டார்கள். டீன் பேசினார். “நீங்கள் ஆசிரியர்கள் மட்டுமல்ல, நம் பல்கலைக்கழகத்தின் தூதர்கள்” என்றார். தூதர் வேலை என்னவென்றால், ப்ளஸ் டூ எழுதிய பிள்ளைகளின் வீடு தேடிப் போய் அவர்களை இங்கே சேரச் சொல்வது. தலைக்கு ஐந்து பேர். சேர்க்காதவர்களின் ஜூன் மாதச் சம்பளம் ‘பரிசீலிக்கப்படும்’.

எட்டு வருடமாக இங்கே கணக்கு நடத்துகிறேன். எட்டு வருடமும் மே மாதம் இப்படித்தான் போகிறது. இந்த முறை மட்டும் இரண்டு இரண்டு பேராக அனுப்புகிறார்கள். எனக்கு வாய்த்தவர் இயற்பியல் கோமதிநாயகம் சார். “அவர்கிட்ட பைக் இருக்கு, மங்கையர்க்கரசி மேடத்துகிட்ட பேச்சு இருக்கு” என்று துறைத்தலைவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

வீட்டில் சொன்னேன். அம்மா தையல் மிஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

“யாரு, அந்தக் கண்ணாடி போட்ட பையனா? மழையில ஒன்ன வீட்டு வாசல் வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டுப் போனானே?”

“பையன் இல்லம்மா. அவருக்கு முப்பத்தாறு வயசு.”

“வயசெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கே.”

துறைப் பதிவேட்டில் எல்லாருடைய வயதும்தான் இருக்கிறது.

மே 2, வெள்ளி

காலையில் தேர்வு அறைக் கண்காணிப்பு. இரண்டாம் ஆண்டு பாக்கியநாதனை உள்ளே விடவில்லை. கட்டணம் பாக்கி. வகுப்பிலேயே கணக்கு நன்றாகப் போடுகிறவன் அவன்தான். தேர்வு முடியும்வரை வராண்டாவில் வேப்பமரத்தைப் பார்த்தபடி நின்றான். நான் ஜன்னல் பக்கம் போகாமல் மறுபக்கமாகவே நடந்துகொண்டிருந்தேன்.

மதியத்துக்கு மேல் வீடு வீடாகப் போனோம். கோமதிநாயகம் சாருக்கு இந்த வேலை சுத்தமாக வரவில்லை. சேர்க்கைக் கையேட்டைத் திறக்கவே மாட்டேன் என்கிறார். ஒரு வீட்டில் பையனிடம், “ஒனக்கு என்னப்பா பிடிக்கும்?” என்று கேட்டார். அவன் சமையல் என்றான். சார் உடனே தன் நண்பருக்குப் போன் போட்டு, கேட்டரிங் படிக்க எங்கே விண்ணப்பிக்க வேண்டும் என்று விசாரித்துச் சொல்லிவிட்டார். அந்தப் பையனின் அப்பா எங்கள் இருவருக்கும் கைகூப்பினார்.

வெளியே வந்து நன்றாகத் திட்டினேன். “ஐந்து பேர் சார். இப்படிப் போனா ஒருத்தர்கூடத் தேற மாட்டாங்க.”

“நீங்க சொல்றது சரிதான் மேடம்” என்று தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி நுங்கு வாங்கித் தந்தார். நுங்கு நன்றாக இருந்தது.

மே 8, வியாழன்

ப்ளஸ் டூ முடிவு வந்தது. கீழப்பாறைக்குளம் அரசுப் பள்ளியில் ஒரு பெண் கணக்கில் நூற்றுக்கு நூறு. டீன் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, “அந்தப் பொண்ணு போட்டோ நம்ம பிளெக்ஸ்ல இருக்கணும்” என்றார். போனோம்.

பெண்ணின் பெயர் முப்பிடாதி. பெயரைச் சொல்லும்போதே, “எங்க ஊரு அம்மன் பேரு டீச்சர்” என்று விளக்கமும் சேர்த்துச் சொன்னாள். கேட்டுக் கேட்டுப் பழகிப்போயிருக்கும். அப்பா சுடலைமணி லோடு ஆட்டோ ஓட்டுகிறார், புளியங்குடிச் சந்தைக்கு எலுமிச்சை ஏற்றுகிறவர். அம்மா வேலம்மாள் மடியில் சுளகை வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் சுளகைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“வெயிலுக்கு இப்படியா அலையுதிய? உள்ள வாங்க. ஏட்டி, மோர் கொண்டா.”

நான் பேசினேன். ஏசி பஸ், லேப்டாப், வேலைவாய்ப்பு. சுடலைமணி கையேட்டின் பக்கங்களைப் பொறுமையாகத் திருப்பினார். அதிலிருந்த கட்டடங்களின் படத்தை மகளுக்குக் காட்டினார். பிறகு வருடத்துக்கு எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு தன் வீட்டை ஒருமுறை நாலு பக்கமும் பார்த்தார்.

“பாத்துக்கிடலாம் டீச்சர். ஒரே மவ.”

அப்போது வேலம்மாள் கேட்டாள்: “நீங்களே சொல்லுங்க டீச்சர். ஒங்க மவளா இருந்தா அங்கனயே சேப்பியளா?”

அதற்கு நான் என்ன சொன்னேன் என்பது இங்கே தேவையில்லை. கோமதிநாயகம் சார் மோரைக் குடித்து முடித்து, காலி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அறிக்கையில் ‘குடும்பத்தினர் யோசிக்கிறார்கள்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

மே 9, வெள்ளி

குடையை அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வந்த ஞாபகம். விடுப்பு சொல்லிவிட்டு, பஸ் மாறிக் கீழப்பாறைக்குளம் போனேன்.

போன இடத்தில் சும்மா இருப்பானேன் என்று முப்பிடாதியை ஈ-சேவை மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பம் போட்டோம். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு, அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டிவிடும் என்று சொன்னேன்.

“ஸ்கூல்ல சொன்னாங்க டீச்சர். எங்கப்பாதான், அதெல்லாம் எழுதிப் போடுறதோட சரி, நமக்கு எங்க வரப்போகுதுன்னுட்டாரு.”

“ஒனக்கு வரும். நூத்துக்கு நூறு வாங்கினவளுக்கு வராம யாருக்கு வரும்?”

விண்ணப்பத்தை அனுப்பியதும் அவள் கம்ப்யூட்டர் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மையத்துப் பையன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, “குடை கெடச்சுதா?” என்று கேட்டாள்.

“கெடச்சுது.”

“கதவுக்குப் பின்னால தொங்குதே, அதுதானா?”

மே 15, வியாழன்

ஒரு பிள்ளையும் தேறவில்லை. வெயில் தாங்காமல் எனக்குத் தலைவலி வந்ததும், சார் தன் தொப்பியை எனக்குக் கொடுத்துவிட்டுத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஓட்டினார். கல்யாண வீட்டுச் சமையல்காரர் மாதிரி இருந்தார். சொன்னேன். ஊர் வந்து சேரும்வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

மே 26, திங்கள்

காலையில் துறைக்குள் நுழையும்போதே எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு ஒரு சேர்க்கை ஆகியிருக்கிறதாம். பெயர் எஸ். முப்பிடாதி.

சேர்க்கை அலுவலகத்துக்கு ஓடினேன். சனிக்கிழமையே சுடலைமணி வந்து முன்பணம் கட்டியிருக்கிறார். மதிப்பெண் பட்டியல், டிசி, சாதிச் சான்றிதழ் எல்லாம் அசலாகவே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ‘பரிந்துரைத்த ஆசிரியர்’ என்ற இடத்தில் என் பெயரைத் தெளிவாகச் சொல்லி எழுத வைத்திருக்கிறார்.

போன் போட்டேன். மனிதர் அவ்வளவு சந்தோஷமாகப் பேசினார்.

“டீச்சர், சொல்லாம செஞ்சா நல்லாருக்கும்னுதான் சொல்லல. பிள்ளைய சேத்துவிடலேன்னா ஒங்களுக்குச் சம்பளம் கெடையாதாம்லா? அந்த சாரு சொன்னாரு. எங்களுக்காக நீங்க இம்புட்டு அலைஞ்சிய. ஒங்க வயித்துல நாங்க அடிக்கலாமா? வேலம்மாதான் செயினைக் கழட்டிக் குடுத்தா.”

போனை வைத்துவிட்டு நேரே இயற்பியல் ஆய்வகத்துக்குப் போனேன்.

“சார், நீங்க எப்போ அவங்க வீட்டுக்குப் போனீங்க?”

கையில் இருந்த லென்ஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார். போன வாரம் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்க அப்பாவையும் மகளையும் தாலுகா ஆபீசுக்கு அழைத்துப் போயிருக்கிறார். அங்கே காத்திருந்தபோது டீக்கடையில் சுடலைமணி எங்கள் வேலையைப் பற்றி விசாரித்திருக்கிறார். சார் எப்போதும் போல உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார்.

“நீங்க போனதை என்கிட்ட சொல்லவே இல்லையே?”

“நீங்களும் போனதைச் சொல்லலையே மேடம்.”



மே 27, செவ்வாய்

இருவரும் கீழப்பாறைக்குளம் போனோம். வேலம்மாள் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. வாசலிலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“யாரைக் கேட்டு இதைச் செஞ்சீங்க? கலந்தாய்வுல இலவசமா படிக்கப் போற பிள்ளையைக் கொண்டுபோய், நாலு வருசத்துக்குக் கடன்ல தள்ளுறதா? அடுத்த வருசம் எதைக் கழட்டிக் குடுப்பீங்க?”

சுடலைமணி முகம் வாடிவிட்டது. “ஒங்களுக்கு ஒரு நல்லது செய்யணும்னுதான் டீச்சர்...”

“எனக்கு நல்லது செய்ய உங்க மக படிப்புதான் கெடைச்சுதா?”

இவ்வளவு கடுமையாகப் பேசியிருக்க வேண்டாம். வேலம்மாள் புருஷன் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். “அவரை ஏசாதிய டீச்சர். ரெண்டு பேரும் பேசித்தான் செஞ்சோம். ஒருத்தர் நமக்காகக் கஷ்டப்பட்டா, பாத்துக்கிட்டுச் சும்மா இருக்க முடியலைல்லா.”

கதவோரம் நின்ற முப்பிடாதி மெதுவாகச் சொன்னாள்: “எனக்கு அங்கன படிச்சாலும் சரிதான் டீச்சர். நீங்க இருப்பியல்லா.”

“நான் அங்க இருக்கப் போறதில்லை” என்றேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கோமதிநாயகம் சாரும்தான். அந்த நிமிடம்வரை அப்படி ஒரு எண்ணம் எனக்கே இருந்ததாகத் தெரியவில்லை. சொன்னதை மாற்றிச் சொல்லவும் தோன்றவில்லை.

மே 28, புதன்

சேர்க்கை அலுவலகத்தில் சான்றிதழைத் திருப்பித் தர முடியாது என்றார்கள். விலகுவதென்றால் முதல் வருடக் கட்டணம் முழுவதையும் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ள வேண்டுமாம். விதியாம். டீன் அறைக்குப் போனேன்.

“மேடம், எனக்கும் மேலே இருந்து கேக்குறாங்க. நானா போட்ட விதியா? நம்ம இடத்துலயும் நல்லாத்தானே சொல்லிக்கொடுக்குறோம்? நீங்கதானே சொல்லிக்கொடுக்குறீங்க?”

“நல்லாத்தான் சொல்லிக்கொடுக்குறோம் சார். அந்தப் பொண்ணு மூணாவது செமஸ்டர்ல ஹால் டிக்கெட் இல்லாம வராண்டாவுல நிக்கும். அப்போ நான் உள்ளே சொல்லிக்கொடுத்து என்ன பிரயோஜனம்?”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். சான்றிதழ் வரவில்லை.

வெளியே வந்தேன். வரவேற்பறையில் வளாகத்தைச் சுற்றிப் பார்க்க வந்த பெற்றோர்கள் நிறைய பேர் உட்கார்ந்திருந்தார்கள். நானும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா, “நீங்களும் பிள்ளையைச் சேக்க வந்தியளா?” என்று கேட்டாள். “இல்லைம்மா, ஒரு பிள்ளையோட சர்டிபிகேட்டை வாங்கிட்டுப் போக வந்திருக்கேன். தர மாட்டேங்கிறாங்க” என்றேன். சத்தமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னேன். அந்தம்மா தன் கணவரிடம் சொன்னாள். அவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். ஒருவர் தன் கைப்பையைத் திறந்து மகனின் சான்றிதழ்கள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டார்.

சிறிது நேரத்தில் கோமதிநாயகம் சார் வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வகுப்பு இல்லையா என்று கேட்டதற்கு, இருக்கிறது என்றார்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே டீன் என்னை உள்ளே கூப்பிட்டார். மேஜைமேல் முப்பிடாதியின் கவர் இருந்தது. பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள்.

“இதை எடுத்துக்கோங்க. அதுல உங்க ராஜினாமாவை எழுதிக் கொடுத்துடுங்க” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

எழுதினேன். பின்னாலேயே வந்து நின்ற சார் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, “எனக்கும் ஒரு பேப்பர் குடுங்க சார்” என்றார்.

“நீங்க எழுதாதீங்க” என்று தடுத்தேன். “ரெண்டு பேரும் வேலையை விட்டுட்டா எப்படிச் சமாளிக்கிறது?”

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியில்தான் நான் சொன்னதன் அர்த்தம் எனக்கு உறைத்தது. நான் பொதுவாகத்தான் சொன்னேன்.

அம்மாவிடம் வேலை போய்விட்டது என்று சொன்னேன். கவரை வாங்கிப் பிரித்து மதிப்பெண் பட்டியலைப் பார்த்தாள். “கணக்குல நூறா?” என்றாள். “ஆமா.” “சரி, சாப்பிடு. நாளைக்கு வெயில்ல அலைய வேண்டாம்லா.”

ஜூன் 19, வியாழன்

வீட்டுக் கூடத்தில் ட்யூஷன் தொடங்கியாயிற்று. அம்மா தன் மிஷினைச் சமையலறைப் பக்கம் நகர்த்திக்கொண்டாள். ப்ளஸ் டூவில் கணக்கில் போனவர்கள் உடனடித் தேர்வுக்கு வருகிறார்கள். பாக்கியநாதனும் வந்தான். அவனுக்குப் பாடம் தேவையில்லை. சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொன்னேன். பாக்கியைக் கட்டிப் படிப்பை முடிக்க, காலையில் பால் வேன் ஓட்டுகிறானாம்.

முன்பணத்தைக் கோமதிநாயகம் சார் அலுவலகத்தில் விடாமல் கேட்டுக் கேட்டு வாங்கிவிட்டார். வேலம்மாள் கழுத்துக்குச் செயின் திரும்பிவிட்டது. இதைச் சொல்ல சார் நேரிலேயே வந்தார். போனில் சொன்னால் சரியாகக் கேட்காதாம்.

ஜூலை 3, வியாழன்

சார் வந்தார். காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூலை 28, திங்கள்

கிடைத்துவிட்டது! அரசுப் பொறியியல் கல்லூரி, மின்னணுவியல். கட்டணம் கிடையாது, விடுதிக்கும் கிடையாது.

முப்பிடாதி போனில் சொல்லும்போதே பின்னால் சுடலைமணி அழுவது கேட்டது. “எங்கப்பா ஆட்டோவை நடுரோட்டுல நிப்பாட்டிட்டு அழுதுக்கிட்டு இருக்காரு டீச்சர், பின்னால பஸ்ஸுக்காரன் ஆரன் அடிக்கான்” என்று அவள் சிரிப்பும் அழுகையுமாகச் சொன்னாள்.

சாயங்காலம் அதே ஆட்டோவில் மூன்று பேரும் வந்தார்கள். ஒரு சாக்கு எலுமிச்சை. இறக்கி வைத்ததும் வீடே மணத்தது. அம்மாவும் வேலம்மாளும் சமையலறையில் உட்கார்ந்து ஊறுகாய்க்கு நறுக்கத் தொடங்கிவிட்டார்கள், கூடப் பிறந்தவர்கள் மாதிரி. உள்ளே என்ன பேசினார்களோ, “அந்தக் கண்ணாடிக்கார சாரா?” என்ற வேலம்மாளின் குரல் மட்டும் கூடம் வரைக்கும் கேட்டது.

ஆகஸ்ட் 25, திங்கள்

முப்பிடாதியை விடுதியில் விட்டோம். பெட்டி, வாளி, பாய், புதுச் செருப்பு எல்லாம் லோடு ஆட்டோவில் வந்தன. நானும் வேலம்மாளும் அவளும் முன்னால் நெருக்கி உட்கார்ந்தோம். சார் பைக்கில் பின்னால் வந்தார்.

அறையில் இன்னும் மூன்று பெண்கள். ஒருத்தியின் அப்பா வங்கி மேலாளர். அவர் சுடலைமணியுடன் சேர்ந்து கட்டிலைத் தூக்கிப் போட்டார். திரும்பும்போது வேலம்மாள் என் கையைப் பிடித்தவள் ஊர் வரும்வரை விடவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

சாருடைய அம்மாவும் அக்காவும் ‘சும்மா பார்த்துவிட்டுப் போக’ வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அம்மா நேற்றே கேசரிக்கு முந்திரி வாங்கி வைத்துவிட்டாள். சும்மா வருகிறவர்களுக்கு எதற்கு முந்திரி என்று கேட்டேன்.

வந்தார்கள். தண்ணீர் கொடுத்தேன். சாரின் அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு பேசத் தொடங்கிய நேரத்தில் முப்பிடாதி போன் செய்தாள். எடுத்தால் ஒரே அழுகை.

“டீச்சர், நான் வீட்டுக்குப் போயிருதேன். எனக்கு ஒண்ணுமே வெளங்கல. நாளைக்கு டெஸ்ட்டு. எல்லாம் இங்கிலீஷ்லயே நடத்துதாங்க. கூட உள்ள பிள்ளைய எல்லாம் கடகடன்னு எழுதுதாளுவ. நான் சும்மா உக்காந்திருக்கேன்.”

“எந்தப் பாடம்?”

“மேத்ஸ்தான். நூத்துக்கு நூறு வாங்கினவன்னு வெளிய சொல்லவே வெக்கமா இருக்கு. மொத வரியே தெரியல டீச்சர். டிட்டர்மினன்ட்னு ஒண்ணு வருது...”

“ஏட்டி, அது அணிக்கோவைட்டி!”

அழுகை நின்றது.

“அணிக்கோவையா?”

“அதேதான். நீ ப்ளஸ் டூவுல போட்டதுதான்.”

“அப்ப மேட்ரிக்ஸ்னா அணியா? இன்வர்ஸ்னா?”

“நேர்மாறு.”

“அட சவமே! இதையா நான் ஒரு வாரமா...”

சமையலறைத் தரையில் உட்கார்ந்து, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான் எழுத எழுத, அவளும் அங்கே எழுதினாள். ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழில் என்ன, இங்கிலீஷில் என்ன என்று இரண்டையும் குறித்துக்கொள்ளச் சொன்னேன். ஐகன் மதிப்பு என்ற புதுப் பாடம் வரைக்கும் வந்துவிட்டோம். கடைசிக் கணக்கை அவளாகவே போட்டு விடையைச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூடத்தில் ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது.

பதறி எழுந்து திரும்பினேன். சாரின் அம்மா நாற்காலியைச் சமையலறை வாசலுக்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. காபி ஆறிப் போயிருந்தது.

“பிள்ளைக்கு வெளங்கிட்டா?” என்று கேட்டார்.

“வெளங்கிட்டு அத்தை” என்றேன்.

கேசரி கிண்டிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. கூடத்தில் சாரின் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சார் கண்ணாடியைக் கழற்றி, துடைத்த கண்ணாடியையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் கேட்க வந்ததை அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. எல்லாரும் கேசரி சாப்பிட்டோம்.